சட்டிக்கு இரண்டு சொசேஜஸ்

அளவெட்டியில் எமது மாதர் சங்கக் கூட்டங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை சொசேஜஸ் கேட்டு அடம் பிடிக்குது மிஸ். குடுக்கலாமோ, கூடாதோ?" கேட்பவர்களில் அநேகர் தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள். தோட்டக்கூலிக்குப் போகிறவர்கள், தையல் இயந்திரத்தை நம்பி இருப்பவர்கள், கோழி வளர்ப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்குப் பிள்ளை பொரித்த சொசேஜஸ் கொண்டுவருகிறது, கடையில் சொசேஜ் பணிஸ் விற்கிறார்கள், கல்யாண வீட்டில் 'டெவில்' என்று சிவப்பாகப் பிரட்டி வைக்கிறார்கள். பிள்ளை கேட்காமல் என்ன செய்யும்?

கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு முன், அது என்ன சாமான், அதை எப்படிச் சமைப்பது என்று பார்ப்போம். எனது எண்ணப்படி நாம் அதை வாங்குவதைவிடச் சமைக்கும் விதத்தில்தான் கூடுதலாகப் பிழை விடுகிறோம்.

இறைச்சியை அரைத்து, உப்பும் வாசனைச் சரக்கும் சேர்த்து, மிருகத்தின் குடலில் அடைத்து உலரவோ புகையிலோ தொங்கவிடுவது மிகப் பழைய வழக்கம். ஐரோப்பாவில் குளிர்காலத்துக்கு முன் வீட்டுப் பன்றியை வெட்டினால் ஒரே நாளில் தின்று முடிக்க முடியாது. அதை அடுத்த வருடம்வரை இழுக்கக் கண்டுபிடித்த வழிதான் இது. போர்த்துக்கேயர் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆசியாவுக்கும் வந்தார்கள். கோவாவில் அது 'சொரிசோ' என்று இன்றும் இருக்கிறது. பன்றி இறைச்சி, மிளகாய், பூண்டு, வினாகிரி சேர்த்துச் சிறுசிறு மணிகளாகக் கட்டி, செபமாலைபோலக் கோத்துத் தொங்கவிடுவார்கள். மழைக்காலத்தில் மீன் கிடைக்காத மாதங்களுக்கு அது கைகொடுக்கும். எமது நாட்டிலும் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளிலும் பறங்கியர் வீடுகளிலும் 'லிங்குஸ்' என்ற பெயரில் உண்டு. 'லிங்குவிசா' என்ற போர்த்துக்கேயச் சொல் மருவியது அது.

யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை ஆண்டார்கள். பாண், மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, கோவா, வினாகிரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். வினாகிரியை எடுத்துக்கொண்ட நாம் அதில் ஊறிய இறைச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சைவ ஊர்களில் எடுபடாததில் வியப்பில்லை. அதோடு, எமக்கு அது தேவைப்படவும் இல்லை. எங்களிடம் கருவாடு இருந்தது.

இங்கேதான் கவனிக்கவேண்டிய விடயம் வருகிறது. கோவாக்காரப் பெண் அந்தச் சொரிசோவைத் துண்டு துண்டாகப் பொரித்துக் கோப்பையில் வைப்பதில்லை. உறையைக் கிழித்து, இறைச்சியை உதிர்த்து, நிறைய வெங்காயத்தோடும் உருளைக்கிழங்கோடும் வேகவைப்பாள். வேறு எண்ணெய் விடத் தேவையில்லை, வேறு உப்பும் உறைப்பும் வேண்டாம், எல்லாம் அந்த நாலு மணியிலிருந்தே இறங்கும். ஸ்பெயினில் அவித்த கடலைச் சட்டிக்குள் ஒரு துண்டு போடுகிறார்கள். சீனர்கள் மெல்லியதாகச் சீவிச் சோறு வேகும்போது மேலே தூவுகிறார்கள். கொழுப்பு உருகிச் சோற்றுக்குள் இறங்கும். எல்லா இடத்திலும் அது சட்டிக்கு ருசி ஏற்றுகிற சரக்கு. வயிறு நிரப்புவது கடலையும் கிழங்கும் சோறும்தான்.

இதில் எமக்குப் புதிதாக ஒன்றும் இல்லையே! எங்கள் அம்மாமார் ஒரு துண்டு கட்டாக் கருவாட்டை வைத்துக்கொண்டு ஒரு சட்டி கத்தரிக்காய்க் கறி வைத்தார்கள். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்டுப் புளிவிட்டு இறக்கினால் கருவாடு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும், ஆனால் படலையடியிலேயே மணக்கும். ஒடியல் கூழுக்குள் ஒரு பிடி நெத்தலி போடுவதும் அதற்குத்தான். சம்பலுக்குள் இடித்துப் போடும் மாசி இன்னும் நல்ல உதாரணம். சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவைத்தது மாசி. 1343இல் மாலைதீவுக்குப் போன இபன் பதூதா என்ற அரபுப் பயணி அதைப் பற்றி எழுதி, அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாவதையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கட்டையை யாரும் கடித்துத் தின்பதில்லை. ஒரு தேக்கரண்டித் தூள் ஒரு குடும்பத்துச் சம்பலுக்குப் போதும். மச்சம் சமைக்காத வெள்ளிக்கிழமையில் மோர் மிளகாயும் பாகற்காய் வத்தலும் செய்கிற வேலையும் இதுவேதான்.

சமூகவியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வீடுகளுக்குப் போகும்போது அடுப்பில் என்ன இருக்கிறது என்பதோடு, யாருடைய கோப்பையில் என்ன விழுகிறது என்றும் பார்ப்பேன். ஆறு சொசேஜஸ் பொரித்தால் அவை எண்ணக்கூடிய துண்டுகள். மகனுக்கு மூன்று, மகளுக்கு இரண்டு, அம்மம்மாவுக்கு ஒன்று. தாய் "எனக்கு உது பிடிக்காது" என்று சொல்லிவிட்டுச் சம்பலோடு சாப்பிட்டுவிடுவாள். எத்தனை வீட்டில் இந்த "பிடிக்காது" என்ற பொய்யைக் கேட்டிருக்கிறேன்! அதே வீட்டில் அடுத்த நாள் கருவாட்டுக் குழம்பு என்றால் அகப்பையால் அள்ளி எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான் விழுகிறது. துண்டாகக் கிடப்பதற்குப் பங்கு பிரிப்பு உண்டு, அதில் மகளுக்கும் தாய்க்கும் குறையும். சட்டியில் கரைந்ததைப் பிரிக்க முடியாது. போரில் கணவனை இழந்து, பிள்ளைகளுக்காகவே உயிர் வைத்திருக்கிற பெண்ணுக்குத் தன் கோப்பையைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. ஆனால் இரத்தச்சோகை வந்து அவள் விழுந்தால் அந்த வீட்டைத் தூக்க வேறு ஆள் இல்லை.

இனிச் சொசேஜஸ் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். கடையில் விற்பது கோவாவின் சொரிசோபோல உலர்த்தியது அல்ல. அரைத்த கோழி அல்லது மாட்டிறைச்சியோடு தண்ணீர், மா, கொழுப்பு, உப்பு சேர்த்து உறையில் அடைத்து அவித்தது. குளிரில் மட்டுமே நிற்கும். விலை குறைந்தவற்றில் எலும்பில் ஒட்டிய இறைச்சியை இயந்திரத்தால் பிரித்துச் சேர்ப்பதும் உண்டு. நூறு கிராமில் 12 முதல் 15 கிராம் வரை புரதமும், ஏறத்தாழ 2 கிராம் உப்பும் இருப்பது சாதாரணம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது மட்டமாக ஒரு தேக்கரண்டி. மூன்று சொசேஜஸ் தின்ற பிள்ளைக்கு அதில் பெரும்பங்கு அந்த ஒரு வேளையிலேயே போய்விடும்.

நிறம் மாறாமலும் நஞ்சு பிடிக்காமலும் இருக்க அதில் நைத்திரைற்று என்னும் உப்பைச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், இப்படிப் பதனிட்ட இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தி அறிவித்தது. ஒவ்வொரு நாளும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதத்தால் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பக்கத்து ஊர் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதால் எமக்கு அது தூரத்துச் சொல் அல்ல. அதற்காக மாதத்தில் இரண்டு தரம் சாப்பிட்ட பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. அவர்கள் சொல்வது தினமும் தின்பதைப் பற்றி. கருவாட்டையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. நன்றாக உப்பிட்ட கருவாட்டின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருக்கும். ஒரு மணித்தியாலம் வெந்நீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கவேண்டும். பிரஷர்காரர் அப்படியும் குறைத்தே சாப்பிடவேண்டும். உப்புக் குறைந்த நெத்தலி நல்லது. உலர்ந்த நெத்தலியின் நிறையில் ஏறத்தாழப் பாதி புரதம், முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் சேரும். கூட்டங்களில் நான் முதலில் காட்டுவது அந்த நெத்தலிச் சரையைத்தான்.

வாழ்வாதாரம் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. சுயதொழில் பயிற்சி என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் எமது பெண்களிடம், "வீட்டிலேயே சொசேஜஸ் செய்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்துங்கள், சுன்னாகத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம், மெசினுக்குக் கடன் எடுத்துத் தரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலைந்து பேர் பெயரும் கொடுத்துவிட்டார்கள். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவள் நான். கடனைவிடவும் அந்தப் பண்டத்துக்குத்தான் நான் கூடுதலாகப் பயந்தேன். ஏன் என்று விளக்கிச் சொல்கிறேன்.

உப்பு செய்கிற வேலை, இறைச்சியில் இருக்கும் நீரை வெளியே இழுப்பது. நீர் இல்லாவிட்டால் கிருமி பெருக முடியாது. மெல்லிய பட்டையாக வெட்டிய இறைச்சியில் அல்லது கீறிய மீனில் கிருமிகள் மேற்பரப்பில் இருக்கும்; உப்பும் வெயிலும் காற்றும் நேரே அங்கே படும். அரைத்தால் மேலே இருந்த கிருமி உள்ளே போய்விடுகிறது. அதைக் குடலுக்குள் இறுக்கி அடைத்தால் காற்றுப் போகாத, ஈரம் நிறைந்த இடம் ஒன்றை நாமே கட்டிக் கொடுக்கிறோம். காற்று இல்லாத இடத்தில்தான் 'பொற்றுலிசம்' என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். 'பொற்றுலுஸ்' என்றால் இலத்தீனில் சொசேஜ் என்றுதான் பொருள்! ஜேர்மனியில் யுஸ்ரினுஸ் கேர்னர் என்ற வைத்தியர் 1820ஆம் ஆண்டளவில், சொசேஜஸ் சாப்பிட்டவர்கள் பார்வை மங்கி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று இறப்பதை ஆராய்ந்து எழுதினார். கிருமியைக் கண்டுபிடித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. நைத்திரைற்று சேர்ப்பதன் முதல் நோக்கம் இந்த நஞ்சைத் தடுப்பதே. அது கூடினால் தானே நஞ்சு, குறைந்தால் பயனில்லை. கிராம் கணக்குக்கும் நுட்பமாக நிறுக்கும் தராசு இல்லாமல் குசினியில் செய்கிற வேலை அல்ல. தொழிற்சாலைக்காரருக்குத் தராசும் குளிர் அறையும் உண்டு. எமது பெண்ணுக்கு உள்ளது ஒரு பரணும் வெயிலும். 2022இல் ஒரு நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பரணையும் வெயிலையும் வைத்து எதைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்பது எமது ஆட்களுக்கு ஏற்கனவே தெரியும். வன்னியில் இறைச்சியை விரல் தடிப்புக்குக் குறைவாகப் பட்டையாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து, இரவில் அடுப்புப் புகையில் விடுவார்கள். தமிழ்நாட்டில் இதற்கு உப்புக்கண்டம் என்று பெயர். வேடர்கள் இறைச்சியை மரப்பொந்துக்குள் தேன் ஊற்றி அடைத்து வைத்ததை 1681இல் வெளியான தன் நூலில் றொபேர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். (மான், மரை இறைச்சி சட்டப்படி குற்றம். யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.) 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கி, குடாநாட்டுக்கு மின்சாரமும் எரிபொருளும் நின்று, பொருளாதாரத் தடையும் வந்தபோது எந்த வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி ஓடவில்லை. உப்பும் வெயிலும்தான் ஓடின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அரிசிப் பையோடு ஒரு சரை கருவாட்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அந்தச் சரைகூட இல்லாமல் உப்புக் கஞ்சியோடு இருந்தவர்களும் இருப்பீர்கள். அதைப் பற்றி நான் உங்களுக்கு எழுதிக் காட்ட ஒன்றுமில்லை.

அளவெட்டி செம்மண் ஊர். கடல் எங்கள் ஊரில் இல்லை. 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எமது பக்கம் வந்த ஓர் அக்கா வீடு வீடாகக் கருவாடு விற்றுத்தான் மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தார். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்ட பின்னரும் அவர் தன் தொழிலை விடவில்லை. அவரிடம் கேட்டேன், நல்ல கருவாட்டுக்கு என்ன இரகசியம் என்று. "இரகசியம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. விலைப்படாத மீனை இரவு முழுக்க வைச்சிருந்து விடியத்தான் கன பேர் உப்புப் போடுவினம். நான் அண்டைக்கே போட்டிடுவன். பழுதான மீனைக் காயவைச்சாப் பழுதான கருவாடுதான் பிள்ளை." இதில் விஞ்ஞானமும் உண்டு. சூரை, கும்பளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்து பழுதானால் அதில் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற பொருள் உப்பிட்டாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். "கருவாடு எனக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துவராதது அந்தப் பழுதான மீன்தான்.

வாங்கும்போது கையால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளி, அழுகல் மணம் இருந்தால் வேண்டாம். செய்பவர்கள் மணலில் பரப்பாமல், நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய வலைத் தட்டில், மேலே நுளம்பு வலை போட்டுக் காயவிடவேண்டும். இலையானுக்கு மருந்து அடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், வாடை தொடங்கி மழைமுகில் வந்தால் அந்த மாதம் தொழிலை நிறுத்துவதே இலாபம். விற்பதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் உண்டு. பெயர் கொடுத்த அந்த நாலைந்து பேரில் மூவர் கடன் எடுக்காமல், மயிலிட்டி அக்காவோடு சேர்ந்து நெத்தலி துப்புரவாக்கிச் சிறு பைக்கற் போடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு அஸ்வெசும கொடுப்பனவு கிடைக்கவில்லை, அவருக்கு இந்தக் காசு தேவையாக இருந்தது.

இனிப் பிள்ளை கேட்ட சொசேஜஸ். நாலு பேருக்கு இரண்டு எடுங்கள், நாணயத் தடிப்பில் வட்டமாகச் சீவுங்கள். தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மெல்லிய நெருப்பில் கரை சிவக்கும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் இரண்டு வெங்காயம், பச்சைமிளகாய், நாலு பல்லுப் பூண்டு, கறிவேப்பிலை. வதங்கியதும் முதல் நாள் ஊறவைத்து அவித்த கடலை ஒரு சுண்டு, கிடைத்தால் மெல்லியதாக அரிந்த கோவா அல்லது போஞ்சி. உப்புப் போடாதீர்கள். அரைத் தேக்கரண்டி மிளகுதூள், கொஞ்சம் வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி. கடைசியில் வதக்கிய வட்டங்களைப் போட்டு இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பிறகு உப்புப் பாருங்கள், அநேகமாகத் தேவைப்படாது. கடலைக்குப் பதில் கௌபியும் போடலாம், முருங்கையிலைச் சுண்டலிலும் சேர்க்கலாம். வட்டத்தைத் தேடிப் பொறுக்குகிற பிள்ளை இருந்தால் அடுத்தமுறை இன்னும் பொடியாக வெட்டுங்கள்.

கறுத்துப்போகுமட்டும் எண்ணெயில் பொரிக்கவேண்டாம். பைக்கற்றில் முடிவுத் திகதியைப் பாருங்கள். உறை ஊதியிருந்தாலோ உள்ளே வெள்ளைத் தண்ணீர் நின்றாலோ திருப்பிக் கொடுங்கள். உடைத்த பைக்கற்றைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மறுநாள்வரை வைக்க முடியாது. அப்படியான இரண்டு மூன்று வீடுகள் ஒரு பைக்கற்றைச் சேர்ந்து வாங்கி, அன்றைக்கே பங்கிட்டுச் சமைத்துவிடுங்கள்.